திருத்திய வரியும் திருத்தாத வரியும்

சென்ற ஆண்டு மலரில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கவிதை வெளிவந்தது. தாயைப் பற்றிய கவிதை, ஆறே வரி. படித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் எழுதியவள் மட்டும், மலர் கிடைத்த மறுநாள், மலர்க்குழு கூடும் அறையின் வாசலில் வந்து தயங்கி நின்றாள். கையில் அந்தப் பக்கம் விரிந்திருந்தது.

“எங்க வீட்டில முல்லை கிடையாது, டீச்சர்” என்றாள்.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பழைய காகிதக் கட்டிலிருந்து அவள் கைப்பட எழுதித் தந்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவள் தந்தது இது:

அளத்திலிருந்து அம்மா வந்தாள்.
வாசலில் நின்று கால் கழுவினாள்.
கழுவிய தண்ணியை முருங்கைக்கு ஊற்றாமல்
தெருவில் கொண்டு ஊற்றினாள்.
தாயே, நீ தியாகத்தின் திருவுருவம்!
தரணியில் உனக்கு இணை யாரோ!

அம்மாவை ‘அன்னை’ ஆக்கினோம். ‘தண்ணி’யை ‘நீர்’ ஆக்கினோம். தெரு ‘வீதி’ ஆயிற்று. முருங்கை என்ற சொல் சாம்பாரை நினைவூட்டுகிறது என்று குழுவில் ஒருவர் சிரிக்க, அது முல்லை ஆயிற்று. கடைசி இரண்டு வரிகளைத் தொடவே இல்லை. அவைதாம் கவிதையிலேயே சிறந்த வரிகள் என்று அன்று நினைத்தோம்! கவிதை என்றால் முல்லை இருந்தே ஆகவேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் தாயார் உப்பளத்தில் வேலை செய்பவர். எழுத்து வாசனை இல்லாதவர். மகள் மலரைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டு முடித்த தாய் ஒன்றே ஒன்று கேட்டாராம்: “நம்ம வீட்டில முல்லை ஏது?” அந்தக் கவிதைக்குக் கிடைத்த விமரிசனங்களில் உண்மையானது அதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் பதில் சொல்ல முடியாமல் நின்றவள் அந்தப் பிள்ளை.

அந்த நாள் முதல் மலர்க்குழுவினராகிய எங்கள் மனத்தில் இருந்த கேள்வியைத்தான் இக்கட்டுரையில் மாணவியரோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். ஒரு கவிதையைக் கேட்பவர் என்ன சொல்லலாம்? எழுதியவர் அதை எவ்வளவு கேட்கலாம்? திருத்துகிற கை யாருடையதாக இருக்க வேண்டும்?

தமிழுக்கு இது புதிய கேள்வியன்று. அரங்கேற்றம் என்றால் இன்று நமக்குச் சலங்கை ஒலிதான் நினைவுக்கு வருகிறது. முற்காலத்தில் அது புலவர் தம் நூலை அவையில் ஓதி, தடை எழுப்புவோருக்கு விடை கூறும் நிகழ்ச்சி. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. பாண்டியன் பெயரோடு, கேட்டிருந்த ஆசான் பெயரையும் அந்தப் பாயிரம் மறவாமல் குறித்து வைத்திருப்பது கவனிக்கத் தக்கது.

ஆனால் அவையில் நிகழ்வதை விட, இரண்டு பேருக்கிடையில் தாள் போய்வந்த கதை நம் வகுப்பறைக்கு நெருங்கியது. அப்படி ஒரு கதை அமெரிக்க நாட்டில் நடந்திருக்கிறது.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிற்றூர். அங்கே 1830 டிசம்பர் 10-இல் பிறந்தவர் எமிலி டிக்கின்சன். ஒன்பது நாள் கழித்து, அதே டிசம்பர் 19-இல் பிறந்தவர் சூசன் கில்பர்ட். இருவரும் தோழியர். 1856-இல் எமிலியின் அண்ணன் ஆஸ்டினைச் சூசன் மணந்தார், தோழி அண்ணியானார். இரு வீடுகளும் அடுத்தடுத்து இருந்தன. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கடிதங்களும் கவிதைகளும் போய்க்கொண்டே இருந்தன. (வேலிக்கு இப்புறமிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும் என்ற தொலைவில் இருந்துகொண்டு இத்தனை கடிதம் எதற்கு என்று நம் மாணவியர் கேட்கலாம். வகுப்பில் அடுத்த பெஞ்சுக்குத் துண்டுச் சீட்டு அனுப்புகிறவர்கள் அதைக் கேட்கக் கூடாது.)

1861-இல் எமிலி ஒரு கவிதையைச் சூசனுக்கு அனுப்பினார். இரண்டே பத்திகள். முதற்பத்தியில், உயிர்ப்பின் நாளை எதிர்நோக்கி இறந்தோர் வெண்கல் அறைகளில் கிடக்கிறார்கள். காலையும் பகலும் அவர்களைத் தீண்டுவதில்லை. இரண்டாம் பத்தியில், அவர்களுக்கு மேலே வெளியுலகில் தென்றல் சிரிக்கிறது, தேனீ பேசுகிறது, பறவைகள் ஏதும் அறியாமல் பாடுகின்றன. இந்த இரண்டாம் பத்தி சூசனுக்கு நிறைவளிக்கவில்லை. எமிலி அதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி அனுப்பினார். அதில் தேனீயும் இல்லை, தென்றலும் இல்லை. ஆண்டுகள் உருள்கின்றன, முடிகள் சரிகின்றன, ஆள்வோர் வீழ்கிறார்கள், எல்லாம் பனியில் விழும் புள்ளியைப் போல ஓசையின்றி நிகழ்கின்றன.

எவ்வளவு பெரிய மாற்றம் பாருங்கள்! தோட்டத்திலிருந்து அண்டவெளிக்கே போய்விட்டார். நாமாக இருந்தால் “அருமை!” என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்திருப்போம். சூசன் அப்படிச் செய்யவில்லை. அவர் எழுதிய விடையின் சாரம் இது: புதிய பத்தி கோடை இரவில் கண்ணைப் பறிக்கும் மின்னலைப் போன்றது, ஆயினும் முதற்பத்தியின் மங்கிய ஒளியோடு அது ஒட்டவில்லை. முதற்பத்தி தன்னிலே நிறைவானது, அதற்கு இணையே வேண்டாம். அதை எண்ணிய பிறகெல்லாம் கணப்பின் பக்கம் போய்க் குளிர் காய்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த விடையில் நாம் பாடமாகக் கொள்ளவேண்டியவை பல. சூசன் புதிய பத்தியைப் பழிக்கவில்லை; தனியே அது அழகு என்கிறார். தமக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறார்: குளிர்ந்தது. எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று காட்டுகிறார். ஆனால் எமிலியின் தாளில் தாம் ஒரு வரியும் எழுதிச் சேர்க்கவில்லை. அந்தக் கடைசிப் பண்புதான் எங்களிடம் சென்ற ஆண்டு இல்லாமற் போயிற்று.

எமிலி ஓய்ந்துவிடவில்லை. மீண்டும் ஒரு புதிய இரண்டாம் பத்தியை எழுதி, இது இன்னும் குளிர்கிறதா என்று கேட்டு அனுப்பினார். சூசனின் பாராட்டு தமக்கு நல்லது, ஏனெனில் அது அறிந்து சொல்லும் பாராட்டு என்றும் குறித்தார். எதிர்ப்பைச் சொல்லத் தெரிந்தவர் வாயிலிருந்து வரும் புகழுக்கே எடை உண்டு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கதை இங்கே முடிந்தால் அழகாக இருக்கும். ஆனால் உண்மைக் கதைகள் அப்படி முடிவதில்லை. 1862 மார்ச் 1-இல் அந்தக் கவிதை ஸ்பிரிங்ஃபீல்டு நகர நாளிதழில் அச்சேறியபோது, அதில் இருந்தது தேனீயும் தென்றலும் உள்ள பழைய பத்தி! அடுத்த மாதம் எமிலி, ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, தம் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டார். அந்த நான்கில் இதுவும் ஒன்று. ஆனால் அதில் இருந்தது ஆண்டுகள் உருளும் பத்தி. எது முடிந்த வடிவம் என்று அவர் சொல்லவே இல்லை. தம் கையாலேயே தைத்த சிறு ஏடுகளில் கவிதைகளைப் படியெடுத்து வைத்தபோது, பல சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியிட்டு, கீழே மாற்றுச் சொற்களையும் எழுதி வைத்தார். அடித்துவிட்டு எழுதாமல், இரண்டையும் வைத்திருந்தார்.

1886-இல் அவர் இறந்தபோது, ஏறக்குறைய 1,800 கவிதைகளில் பத்தளவே அச்சில் வந்திருந்தன. 1890-இல் முதல் தொகுதி வந்தது. அதைப் பதிப்பித்தவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள்தாம். ஆனாலும் எதுகை சரியாக விழாத இடங்களில் சொற்களை மாற்றினார்கள். நிறுத்தக் குறிகளை ஒழுங்கு செய்தார்கள். தலைப்பில்லாத கவிதைகளுக்குத் தலைப்பிட்டார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் கவிதையில் பழைய இரண்டாம் பத்தியையும் புதிய இரண்டாம் பத்தியையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி மூன்று பத்தியாக அச்சிட்டார்கள்! முதற்பத்திக்கு ஒரு துணையே ஒட்டவில்லை என்றார் சூசன். இவர்கள் இரண்டைக் கட்டிவிட்டார்கள். எமிலி எழுதியபடி எழுதியதை உலகம் முழுமையாகப் பார்க்க 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டில்தான் தாமஸ் ஜான்சன் என்பவர் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளையும் சேர்த்து, மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

இதைப் படித்தபோது மலர்க்குழுவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாங்கள் செய்ததும் அதே வேலைதானே! அவர்களாவது இறந்தவரின் தாளில் கை வைத்தார்கள். நாங்கள் திருத்திய கவிதையை எழுதியவள் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள்.

அப்படியானால் கேட்பவர் சொல்வதை எல்லாம் எழுதுபவர் ஏற்றாக வேண்டுமா? இல்லை என்பதற்கு, நம் அருட்சகோதரியர் நன்கறிந்த ஒருவரையே சான்றாகக் கொள்ளலாம்.

1875 டிசம்பரில் ‘டாய்ட்ச்லாந்து’ என்ற கப்பல் பிரெமனிலிருந்து அமெரிக்கா நோக்கிச் செல்லும் வழியில், தேம்ஸ் ஆற்று முகத்துக்கு அருகே பனிப்புயலில் மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. பிரஷ்யச் சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறிய பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் ஐவர் அதில் பயணம் செய்தனர், ஐவரும் மாண்டனர். அப்போது வேல்சில் இறையியல் பயின்றுகொண்டிருந்தார் இயேசு சபையைச் சேர்ந்த ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ். சபையில் சேர்ந்தபோது தம் கவிதைகளை எரித்துவிட்டு, ஏழு ஆண்டுகள் ஏறக்குறையப் பேனாவை மூடி வைத்திருந்தவர். இதைப் பற்றி யாராவது பாடினால் நன்றாயிருக்கும் என்று மடத்துத் தலைவர் சொன்ன ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. 35 பத்திகள் கொண்ட பெருங்கவிதை பிறந்தது. ஆனால் அவருடைய சபையாரின் இதழே அதை வெளியிடவில்லை.

அவருக்கு வாய்த்த முதல் வாசகர், ஆக்ஸ்ஃபோர்டு நாளைய நண்பர் இராபர்ட் பிரிட்ஜஸ். கவிதையைப் படித்த பிரிட்ஜஸ், எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதை இன்னொரு முறை படிக்கமாட்டேன் என்று எழுதிவிட்டார்! நம் மாணவியர் சிலர் ஒருவருக்கொருவர் சொல்லும் விமரிசனங்கள் இதற்கு முன் எம்மாத்திரம்! ஹாப்கின்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை, நட்பை முறிக்கவும் இல்லை. அதற்காகக் கவிதையை உருமாற்றவும் இல்லை. எனக்குள்ள பொதுமக்கள் நீர் ஒருவரே, உம்மை மனம்மாற்றுவேன் என்ற கருத்தில் விடை எழுதினார். மனம்மாற்றம் என்ற சொல்லை ஒரு குருமாணவர் எழுதும்போது அதில் கொஞ்சம் குறும்பும் இருக்கத்தானே செய்யும்.

பிரிட்ஜசுக்கு அவர் எழுதிய மற்றொரு செய்தி எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. வேறொரு கப்பல் விபத்தைப் பற்றித் தாம் எழுதிய கவிதை திரும்பி வந்தபோது, அதை எல்லாரும் படிப்பது போலக் கண்ணால் படித்துப் பார்த்தாராம், அவருக்கே திடுக்கிட்டதாம். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு காதால் படித்தபோது எல்லாம் சரியாகிவிட்டதாம். எங்கள் ஆங்கில ஆசிரியையான அருட்சகோதரி, கன்னியரைப் பற்றிய கவிதையின் சில பத்திகளை எங்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினார். பாதிக்கு மேல் பொருள் விளங்கவில்லை. ஆனால் அலை வந்து மோதுவது விளங்கியது.

ஹாப்கின்ஸ் 1889-இல், 44 வயதில் டப்ளினில் இறந்தார். அவருடைய கவிதைகளைக் காத்து வைத்திருந்து 1918-இல் நூலாக வெளியிட்டவர் யார் தெரியுமா? மறுமுறை படிக்கமாட்டேன் என்ற அதே பிரிட்ஜஸ்தான். அந்தப் பெருங்கவிதையை வாசலை அடைத்துக் கிடக்கும் டிராகனுக்கு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதிவிட்டு, நூலில் சேர்த்தும் வைத்தார். 750 படிகள் விற்கப் பத்தாண்டளவு ஆயிற்று. பிடிக்காத கவிதையையும் சிதையாமல் ஒப்படைத்த அந்த வாசகரை நாங்கள் மதிக்கிறோம்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். இந்த ஆண்டு வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில், வேப்பமரத்தடியில், கவிதை கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தினோம். முதல் இரண்டு வாரம் பயனற்றுப் போயிற்று. எதைப் படித்தாலும் “நல்லாயிருக்கு டீச்சர்” என்ற ஒரே குரல். கல்யாண வீட்டில் பாயசத்தைப் பற்றிச் சொல்வது போல! மூன்றாம் வாரம் ஒரு கட்டுப்பாடு விதித்தோம்: நல்லது, கெட்டது என்ற இரண்டு சொற்களையும் யாரும் சொல்லக் கூடாது, எந்தச் சொல்லில் காது நின்றது, எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போயிற்று, எது விளங்கவில்லை, இவ்வளவையே சொல்லலாம். எழுதியவள் அதுவரை வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் மிகவும் கடினமாக இருந்தது.

அந்தப் பெண், இப்போது ஒன்பதாம் வகுப்பு, தன் பழைய கவிதையை முருங்கையோடு கொண்டு வந்து வாசித்தாள். கூட்டத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “தண்ணியை ஏன் முருங்கைக்கு ஊத்தல?”

நியாயமான கேள்வி. நம் பகுதியில் தண்ணீர் அருமை. பாத்திரம் கழுவிய நீர்கூட மரத்துக்குத்தான் போகும். எழுதியவள் விதியை மறந்து, “அதுல உப்பு இருக்கும்ல, மரம் பட்டுப்போகும்” என்றாள். எல்லாரும் ஒரு கணம் பேசவில்லை. நாள் முழுதும் அந்த உப்பு நீரில் நிற்கிற கால்களைப் பற்றி அப்போதுதான் நாங்கள் நினைத்தோம். ஓராண்டு முன் அந்தத் தாள் எங்கள் கையில் இருந்தது. முல்லையைத் தேடிக்கொண்டிருந்ததில், கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புக் குழந்தை கேட்டது.

மற்றொருத்தி, கடைசி இரண்டு வரிகள் வந்தபோது தன் கவனம் போய்விட்டது என்றாள். அவை அன்னையர் தினப் பேச்சுப்போட்டியில் கேட்டவை போல இருந்தனவாம். எழுதியவள் முகம் வாடியது. அந்த வரிகளை அவள் மிகவும் விரும்பினாள். அம்மாவைப் புகழ்ந்து ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமா என்று கேட்டாள். அதற்கு நாங்கள் விடை சொல்லவில்லை. தாளை அவளிடமே கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த வாரம் வந்தபோது, உப்புப் பட்டால் மரம் பட்டுப்போகும் என்பதை ஒரு வரியாகச் சேர்த்திருந்தாள். அது அறிவியல் பாடம் போல் நின்றது. அதற்கடுத்த வாரம் அந்த வரி அம்மாவின் வாயில் இருந்தது. ஆனால் தியாகத்தின் திருவுருவமும் இன்னும் இருந்தது. மூன்றாவது முறைதான் அவளாகவே அதை எடுத்துவிட்டு வந்தாள். இப்போது கவிதை இப்படி இருக்கிறது:

அளத்திலிருந்து அம்மா வந்தாள்.
வாசலில் பேசினில் நின்று கால் கழுவினாள்.
கழுவிய தண்ணியை முருங்கைக்கு ஊற்றாமல்
தெருவில் கொண்டு ஊற்றினாள்.
“மரம் பட்டுப்போகும்” என்றாள்.
விடியுமுன் எழுந்து
அதே காலோடு அளத்துக்குப் போனாள்.

மலர்க்குழுவில் இன்னும் இரண்டு கருத்து உண்டு. ‘தண்ணி’ ‘தண்ணீர்’ ஆக வேண்டும் என்பது தமிழாசிரியையின் துணிபு. வீட்டில் அம்மா சொல்வது தண்ணிதான் என்கிறாள் எழுதியவள். ‘அதே காலோடு’ என்பதில் உள்ள ‘அதே’ சற்று உரக்க ஒலிக்கிறது, ‘காலோடு’ என்பதே போதும் என்று குழுவில் மூவர் கருதுகிறோம். அதையும் அவளிடம் சொன்னோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, “இருக்கட்டும், டீச்சர்” என்றாள். இருக்கிறது. இம்முறை தாயார் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று விசாரித்தோம். ஒன்றும் சொல்லவில்லையாம், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம்.

அடுத்த மலருக்குக் கவிதை தருவோர், முதலில் எழுதிய தாளையும் சேர்த்தே தருக. அடித்தல் திருத்தல் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்புறம் மூன்று விரல் அகலம் விடுக. எங்கள் ஐயங்களை அந்த இடத்தில் பென்சிலால் மட்டும் குறித்துத் திருப்பித் தருவோம். பேனா உங்களிடமே இருக்கும்.